ஜன்னல் இருக்கை ஜெயசீலனுக்கு

அஜ்மான்
18 அக்டோபர் 2024

மைனிக்கு,

கிளிட்டஸ் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் என்னைப் பிளாக் செய்துவிட்டீர்கள். போன் அடித்தால் முழுதாக ரிங் போய் நின்றுவிடுகிறது. மின்னஞ்சலை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறீர்கள். மறந்துபோனீர்களா, இரக்கப்பட்டீர்களா தெரியவில்லை. எதுவானாலும் அந்த இடுக்கு வழியாக நுழைகிறேன்.

வருகிற இருபத்தாறாம் தேதி சீனாவுக்குப் போகிறேன். போன வருடம் ஜெயசீலன் அண்ணனும் நானும் போகவிருந்த அதே பயிற்சிதான். ஜெங்ஜோ என்ற ஊரில் தொழிற்சாலை. ஐந்து நாள் ஏசி இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுப்பார்கள். அது முடிந்ததும் அவர்கள் செலவிலேயே சியான் என்ற பழைய தலைநகருக்கு ரயிலில் அனுப்பி ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். அண்ணன் இறந்ததும் தள்ளிவைத்ததை இப்போது நடத்துகிறார்கள். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். "சர்டிபிகேட் இல்லாம இருந்தா மொட்டை மாடியிலயே கிழவனாயிருவ பாய்" என்று போர்மன் சொல்லிவிட்டார்.

உங்களுக்குத் தெரியும், அண்ணனுக்கு அந்தச் சியான் ஊர் ஒரு பித்து. ரூமில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த ஊர் வீடியோவாகப் பார்ப்பார். "எட்டாயிரம் மண்பொம்மைப் பட்டாளம் நிக்குடே, நம்ம கேம்ப்ல காலைல வேனுக்கு நிக்க மாதிரி. ஒருத்தன் மூஞ்சி மாதிரி இன்னொருத்தன் மூஞ்சி கிடையாது" என்பார். ரயில் ஓடும் வீடியோ வந்தால் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார். அஜ்மானிலிருந்து துபாய்க்கு வேனில் மடங்கி உட்கார்ந்தே பன்னிரண்டு வருடம் போய்வந்த மனிதர். "நமக்கு ஜன்னல் சீட்டுதான். இப்பவே சொல்லிட்டேன்" என்று என்னிடம் முன்பதிவு செய்துவைத்திருந்தார்.

சித்தி மகன் நான் போகிறேன். அவர் இல்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போக மனம் வரவில்லை. போகட்டுமா?

கிளிட்டஸ்

நஜ்மா, தோஹா
20 அக்டோபர் 2024

கிளிட்டஸ்,

நீ போவதற்கு என் உத்தரவு எதற்கு. போ.

எனக்கு உன்னிடம் இருப்பது ஒரே கேள்வி. பிணவறை வாசலில் கேட்டேன். ஊரில் கல்லறையில் வைத்துக் கேட்டேன். நாற்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கேட்டேன். மூன்று தடவையும் நீ தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே வரியைச் சொன்னாய். அதனால்தான் பிளாக் செய்தேன். மறந்துபோய் எதையும் விடவில்லை. பதில் வர ஒரு வழி இருக்கட்டும் என்று விட்டேன்.

மறுபடியும் கேட்கிறேன். போன வருடம் ஆகஸ்ட் பதினேழு, வியாழக்கிழமை. தோஹாவில் பத்து இருபது. உங்களுக்கு அங்கே பதினொன்று இருபது. அவர் எனக்குப் போன் அடித்தார். ஒரே தடவை. வார்டில் போன் கூடாது, அது லாக்கரில் இருந்தது, நான் எடுக்கவில்லை. உங்கள் நேரம் பன்னிரண்டு பத்துக்கு அவர் இல்லை. நடுவில் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் நீ அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தாய். எதற்காக எனக்கு அடித்தார்? அதற்குப் பிறகு உன்னிடம் என்ன சொன்னார்?

"ஒண்ணும் சொல்லல மைனி, திடீர்னு விழுந்துட்டாரு" என்பதை நான் நம்பவில்லை. பதினோரு வருடமாக இதய நோய் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். நாற்பத்திரண்டு வயது ஆள் ஒன்றும் சொல்லாமல் விழுவது உண்டு. அப்படி விழுகிறவர் வேலை நேரத்தில் மனைவிக்குப் போன் அடித்துவிட்டு விழுவதில்லை.

டூட்டியில் இருந்தாலும் லீவில் இருந்தாலும் தினமும் பத்து இருபதுக்கு எனக்குப் போன் அதிர்கிறது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கூட வேலை செய்யும் ஹிஃப்ஸா இதைக் கவனித்துவிட்டு, மனநல மருத்துவரைப் பார்க்கலாமே என்கிறாள். எனக்கு மருத்துவர் வேண்டாம். பதில் வேண்டும்.

அது இருந்தால் எழுது. ஊர்க்கதை எழுதாதே.

ரெபேக்காள்

ஜெங்ஜோவிலிருந்து சியான் போகும் ரயில்
1 நவம்பர் 2024

மைனிக்கு,

உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை. திட்டுவீர்கள். ஆனால் இதை உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது.

காலையில் தொழிற்சாலை டிரைவர் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு ஓர் உறையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே ரயில் பதிவு, ஹோட்டல், சாப்பாட்டுச் சீட்டு எல்லாம். பிரித்தால் எல்லாமே இரண்டு இரண்டாக இருக்கின்றன. 9D கிளிட்டஸ். 9F ஜெயசீலன். எங்கள் ஆபீஸில் இந்தச் சுற்றுலாவுக்கு மட்டும் போன வருடப் பட்டியலையும் பாஸ்போர்ட் நகலையும் தூசி தட்டி அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். ஆள் போனதை அந்தக் காகிதத்துக்கு யாரும் சொல்லவில்லை. படம் பிடித்து இதோடு வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் பார்க்காதீர்கள்.

9F ஜன்னல் இருக்கை மைனி.

நான் 9D-யில் உட்கார்ந்திருக்கிறேன். நகர்ந்து உட்கார முடியவில்லை. இங்கே நின்றுகொண்டு வருவதற்கும் டிக்கெட் உண்டு. ஒரு வயதான அம்மா ஜன்னல் இருக்கையைக் கைகாட்டி ஏதோ கேட்டார். நான் தலையை ஆட்டி, ஆள் இருக்கிறது என்று சைகை செய்தேன். அவர் கதவோரம் போய் நின்றுகொண்டார். கண்டக்டர் பெண் கையடக்கக் கருவியோடு வந்து காலி இருக்கையைக் காட்டினாள். கழிவறைப் பக்கம் கைகாட்டினேன். அவளும் சரி என்று போய்விட்டாள். பிறகு ஒரு பெண் இரண்டு சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்தாள். ஒன்றை எனக்குக் கொடுத்தாள். மற்றதைக் காலி இருக்கையின் பலகையை இறக்கி, அதில் பதமாக வைத்து, குச்சிகளையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். சோறு, கோழி, கொஞ்சம் கீரை. ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் சாப்பிட்டு முடித்தபோது அதில் ஆவி நின்றுவிட்டது.

வெளியே மஞ்சள் மண் குன்றுகள். அடிக்கடி சுரங்கம் வருகிறது. உள்ளே போனதும் கண்ணாடி கறுத்து என் முகம் தெரிகிறது. எனக்கும் என் முகத்துக்கும் நடுவில் அந்த இருக்கை. ஒவ்வொரு சுரங்கத்திலும் கண்ணை மூடிக்கொள்கிறேன். முப்பத்தைந்து வயதில் ரயிலில் பயந்துகொண்டு போகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

கிளிட்டஸ்

தோஹா
1 நவம்பர் 2024

கிளிட்டஸ்,

படத்தைப் பார்த்தேன். அவர் பெயர்தான். ஓர் எழுத்து தப்பில்லை. ஊரில் ரேஷன் கார்டில் இருந்து அவரை எடுக்க என் தங்கை விஜி நான்கு தடவை அலைந்தாள். அங்கே மட்டும் ஆளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தப் பெயரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயதான ஓர் அம்மாவை நிற்கவைத்துவிட்டு இறந்தவருக்கு இடம் காவல் காத்திருக்கிறாய். அவர் உயிரோடு இருந்தபோது காத்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். கழிவறைக்குப் போயிருக்கிறார் என்று உனக்கு எத்தனை சுலபமாகக் கைகாட்ட வருகிறது பார். என்னிடமும் பதினான்கு மாதமாக அப்படித்தான் எங்கேயோ கைகாட்டிக்கொண்டிருக்கிறாய்.

நாளை கல்லறைத் திருநாள். நீயும் இல்லை, நானும் இல்லை. மகள் சுஷ்மிதாவும் விஜியும் போய் மெழுகுதிரி ஏற்றுவார்கள்.

அந்த ஊரில் ஓர் ஆட்டுச் சூப்பு இருக்கிறதாம். ரொட்டியை நாமே பயறு அளவுக்குப் பிய்த்துக் கிண்ணத்தில் போட வேண்டும், பிறகுதான் சமையல்காரர் அதில் சூப்பை ஊற்றிக் கொதிக்கவைத்துத் தருவார் என்று உன் அண்ணன் அரை மணி நேரம் எனக்குப் போனில் விளக்கினார். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ம், ம் என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். நாளைக்கு அங்கே போய் உட்கார். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டும் உனக்குப் பொய் வருகிறதா என்று பார்க்கிறேன்.

ரெபேக்காள்

சியான்
2 நவம்பர் 2024, மாலை

மைனிக்கு,

போனேன். இப்போது பதில் எழுதுகிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரைச் சுற்றிப் பழைய கோட்டைமதில் இருக்கிறது. மேலே ஒரு லாரி போகலாம், அவ்வளவு அகலம். அங்கே சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். உறையில் இருந்த சீட்டை நீட்டினேன். இரண்டு பேர் மிதிக்கும் நீள சைக்கிளை உருட்டிவந்து நிறுத்தினார்கள். வேண்டாம், ஒற்றைச் சைக்கிள் கொடு என்று சைகையில் சொன்னேன். அங்கிருந்த பையன் சீட்டைத் தட்டிக் காட்டினான். சரி, மாஃபி, வேறு இல்லை, விடு என்று ஏறிவிட்டேன். அந்தச் சைக்கிளில் முன்னால் ஒருவன் மிதித்தால் பின்னால் உள்ள பெடலும் சுற்றும். ஆள் இல்லாமலே சுற்றும். எனக்கு அது தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். காலி இருக்கைக்குக் கீழே இரண்டு பெடலும் என் காலுக்குச் சரியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. பாதி மதில்கூடப் போகவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே திரும்பிவந்தேன்.

பிறகு சூப்புக் கடை. முஸ்லிம்கள் இருக்கும் தெரு. சீன எழுத்தில் ஒன்றும் புரியாமல் நடந்தவனுக்குப் பலகையில் ஹலால் என்று அரபியில் பார்த்ததும் அஜ்மானுக்கே வந்துவிட்டது போல் இருந்தது. சலாம் என்றேன். கடைக்காரர் முகம் மலர்ந்து பதில் சொன்னார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு பெரிய கிண்ணங்களையும் நாலு ரொட்டிகளையும் வைத்தார். எதிர் நாற்காலியை இழுத்தும் போட்டார். ரொட்டி என்றால் நம் ஊர் ரொட்டி இல்லை, கல் மாதிரி. நகம் வலிக்கிறது. முதல் கிண்ணத்துக்கு அரை மணி நேரம் பிய்த்தேன். இரண்டாவது கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கலாம். கை தானாகப் போய் எடுத்தது. அதைப் பிய்க்கும்போது எதையும் பார்க்கவில்லை மைனி. அன்றைய நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிண்ணத்துக்கும் நம்பர் வில்லை வைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். சமையல்காரர் வெளியே வந்தார். முதல் கிண்ணத்தை என் முன்னால் திரும்ப வைத்தார். துண்டுகள் பெரிது, மறுபடி பிய் என்று சைகை. இரண்டாவது கிண்ணத்தில் கைவிட்டு அளைந்து பார்த்து, எதிர் நாற்காலியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார். எல்லாம் பயறு அளவு. ஒன்றுபோல. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்குத்தான் அந்த விரல். நான் பிய்த்ததுதான். வேறு யார் பிய்த்தார்கள் என்று சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சூப்பு வந்தது. எனக்கு இறங்கவில்லை.

அன்று பதினொன்றே கால் இருக்கும். மொட்டை மாடியில் நாலாவது மெஷின். அண்ணன் ஸ்பேனரை வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார். "லேய், நெஞ்சுல ஒரு மாதிரி இறுக்குடே. இடது கையும் கடுக்கு" என்றார். "மைனிட்ட கேளுங்கண்ணே, அவங்களுக்குத் தெரியாததா" என்று சொன்னவன் நான்தான். அடித்தார். ரிங் போய் நின்றது. "எடுக்க மாட்டேங்கா. டூட்டில இருப்பா, பாவம்" என்றார். அதற்குத்தான் அடித்தார் மைனி. இதை உங்களிடம் சொன்னால் நீங்கள் தாங்கமாட்டீர்கள், அதனால் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான்.

மீதிப் பாதி இது. "நான் இறங்கிக் கிளினிக்குக்குப் போயிட்டு வாறேன்" என்று எழுந்தார். நான்தான் விடவில்லை. அன்று சாயங்காலம்தான் சீனப் பட்டியலை அனுப்பவிருந்தார்கள். "இன்னிக்குப் போய் நின்னா ஈசிஜி எடுப்பான், எதையாவது எழுதுவான், பேரை வெட்டிருவாங்க. பன்னிரண்டரைக்கு எப்படியும் எல்லாரையும் இறக்கிருவாங்கல்லா. அதுவரை பொறுங்கண்ணே. கேஸ் ட்ரபிளாத்தான் இருக்கும்" என்றேன். வெயில் காலத்தில் பன்னிரண்டரைக்கு வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று இங்கே சட்டம். அந்த இடைவேளையில் இறங்கினால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், யார் வாயிலும் பெயர் விழாது. அதுதான் என் கணக்கு. அவருக்காக மட்டும் சொன்னேன் என்றும் எழுத முடியாது. எங்களை அப்போது ஜோடியாகத்தான் எடுத்திருந்தார்கள். அவர் பெயர் போனால் என் பெயரும் போகும்.

அண்ணன் என் பேச்சைக் கேட்டார். தண்ணீர் குடித்தார். ஸ்பேனரை மறுபடி எடுத்தார். பன்னிரண்டு பத்துக்கு விழுந்தார். இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

வெட்டிவிடுவார்களே என்று நான் பயந்த பெயர் மைனி. சாவுகூட அதை வெட்டவில்லை. நேற்றிலிருந்து அந்தப் பெயருக்குச் சோறு வைக்கிறார்கள், நாற்காலி போடுகிறார்கள், சைக்கிள் கொடுக்கிறார்கள். ஹோட்டலில் இரண்டு கட்டில், இரண்டு ஜோடிச் செருப்பு. நான் மட்டும் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருக்கிறேன்.

இவ்வளவுதான். நீங்கள் என்ன சொன்னாலும் எனக்குத் தகும்.

கிளிட்டஸ்

தோஹா
3 நவம்பர் 2024, காலை

கிளிட்டஸ்,

இரண்டு தடவை படித்தேன். குளித்துவிட்டு வந்து மூன்றாவது தடவை படித்தேன்.

போன் லாக்கரில் இல்லை. டீ ரூமில் மேசைமேல் என் முன்னால் இருந்தது. அவர் பெயர் வந்தது. பார்த்தேன். கோயிலில் சுஷ்மிதா முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வராமல் சீனாவுக்குப் போகிறேன் என்றதால் மூன்று நாளாக நான் அவரோடு பேசவில்லை. இப்போது சமாதானத்துக்கு அடிக்கிறார், அடிக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மேசையில் அது நடுங்கிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. நான் டீயைக் குடித்து முடித்தேன்.

இடது கை என்ற ஒரு சொல் போதும். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லியிருப்பேன். ஆம்புலன்சுக்கு உன்னை அடிக்கச் சொல்லியிருப்பேன். எங்கள் தொழிலில் ஐம்பது நிமிடம் என்பது நிறைய நேரம்.

உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தது பதிலுக்காக இல்லை. அவர் விழுந்தார் என்று கேட்டதுமே எதற்கு அடித்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மகளுக்கு வெள்ளைச் சட்டை அளவு கேட்க அடித்தார், கோபத்தை ஆற்ற அடித்தார் என்று நீ ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடமாட்டாயா என்றுதான் கேட்டேன். நீயோ பொய்கூட எனக்கு உதவுகிற மாதிரிச் சொல்லத் தெரியாதவன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அழித்துவிட்டேன். உன்னை வெறுக்கிறேன் என்றும் எழுதிப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. நீ அவரை உட்காரவைத்தாய், நான் போனைக் கவிழ்த்தேன். நடுவில் அவர் ஒருவர்தான் இரண்டு பேரையும் நம்பினார்.

இன்று திரும்பும் ரயிலில் கண்டக்டரிடம் உண்மையைச் சொல். யாராவது நின்றால் ஜன்னல் இருக்கையைக் கொடு. உன் அண்ணனுக்குக் கால் வலிக்காது. யாராவது நின்றுகொண்டிருக்க அவர் உட்கார்ந்ததும் கிடையாது.

இன்று எனக்கு டூட்டி இருக்கிறது. பத்து இருபதுக்கு டீ ரூமில் இருப்பேன். உனக்கு அப்போது மாலை மூன்று இருபது. அடிக்கிறேன். போனைக் கவிழ்த்து வைக்காதே.

ரெபேக்காள்

சியானிலிருந்து ஜெங்ஜோ திரும்பும் ரயில்
3 நவம்பர் 2024

மைனிக்கு,

இன்றும் 9D, 9F. கண்டக்டர் வந்து கேட்டாள். "என் அண்ணன். இறந்துவிட்டார். பட்டியலில் தவறு" என்று போனில் தட்டி, சீன மொழியில் மாற்றிக் காட்டினேன். படித்தாள். கருவியைப் பார்த்தாள், இருக்கையைப் பார்த்தாள். லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனாள். எனக்கா, இருக்கைக்கா என்று தெரியவில்லை.

கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவோரம் நின்றிருந்தாள். கூப்பிட்டு ஜன்னலோரம் உட்காரவைத்தேன். சாப்பாட்டுப் பெட்டி இரண்டு வந்தது. ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். பசி போலிருக்கிறது, உடனே பிரித்துவிட்டாள். சூடாக இருக்கும்போதே யாரோ அதைச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுரங்கம் வந்தது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கண்ணாடியில் அவள் முகம், குழந்தை முகம், என் முகம். என் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம். பின் வரிசையில் யாரோ எழுந்து நின்றிருப்பார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மணி மூன்று பதினெட்டு. இதைப் பயிற்சி நோட்டில் எழுதிக்கொண்டு, போனை நிமிர்த்திப் பலகையில் வைத்திருக்கிறேன். சிக்னல் இரண்டு கோடு. அடுத்த சுரங்கம் எப்போது வரும் என்று தெரியாது. எடுத்ததும் என்ன பேசுவது என்றும் தெரியாது. அந்தச் சூப்பின் ருசியைக் கேட்டால் சொல்வேன். மிளகும் ஆட்டுக் கொழுப்பும். அண்ணனுக்கு நிச்சயம் பிடித்திருக்கும்.

மூன்று பத்தொன்பது.

குழந்தை போனைத் தொடக் கை நீட்டுகிறது. அதன் அம்மா கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

பலகை அதிர்கிறது மைனி. உங்கள் பெயர். எடுக்கிறேன்.